பிபி மாத்திரைன்னு ஒரு மாத்திரை கிடையாது தம்பி, அட்டைய திருப்பி பாருங்க

தம்பி, உங்க கேள்விய ரெண்டு வாட்டி படிச்சேன். நைனாவுக்கு 56 வயசு, கன்டெய்னர் டிரெய்லர் ஓட்றாரு, ரெண்டு வருஷமா பிபி மாத்திரை போட்றாரு, நடுவுல ஒரு நாள் செக் பண்ணப்ப 126/80 வந்ததும் சரியாயிடுச்சுன்னு அவராவே நிறுத்திட்டாரு, மூணு வாரம் கழிச்சு பாத்தா 168/102, இப்ப பயந்துபோயி விட்டதுக்கும் சேத்து ரெண்டு ரெண்டா முழுங்குறாரு, கால் வேற வீங்குது, அத பாத்துட்டு எதிர்வீட்டு அக்கா கிட்னி போச்சுன்னு கொளுத்தி போட்டுட்டாங்க. ஆயுசுக்கும் போடணுமா, காலைலயா நைட்டா, கிட்னிக்கு ஆகாதாமே. இதான கேள்வி?

முதல்ல ஒன்னு. ரெண்டு ரெண்டா போடறத இன்னிக்கே நிறுத்த சொல்லுங்க. சீட்டுல ஒருநாளைக்கு எவ்ளோ எழுதியிருக்கோ அவ்ளோதான். மூணு வாரம் விட்டுட்டு திரும்ப ஆரம்பிச்சிருக்காருன்றத நாளைக்கே டாக்டர் கிட்ட மறைக்காம சொல்லணும், திட்டுவாரு, வாங்கிக்க சொல்லுங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். எல்லாம் எழுதுனீங்க, மாத்திரை பேர மட்டும் எழுதல. சின்னதா வெள்ளை ஒன்னு, பாதி வெள்ளை பாதி கலர்ல ஒன்னுன்னு இருக்கு. நான் 22 வருஷமா தண்டையார்பேட்டை பக்கம் மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட்டா நிக்கிறேன், தினம் நாலு பேராவது இப்படித்தான் வருவாங்க, "இன்னா சார், அந்த ரோஸ் கலர் பிபி மாத்திர ஒரு பத்து குடு"ன்னு. ரோஸ் கலர்ல எங்க ராக்குல எத்தனையோ இருக்கு. பிபி மாத்திரைன்றது ஒரு மாத்திரை இல்ல, ஒரு கூட்டம். அம்லோடிபின் ரத்தக்குழாய தளத்தி விடும். டெல்மிசார்டன், லோசார்டன் எல்லாம் குழாய இறுக்குற ஹார்மோன் வேல செய்யவிடாம தடுக்கும். எனலாப்ரில், ராமிப்ரில் அந்த ஹார்மோன் உருவாகறதையே குறைக்கும். அட்டெனலால், மெட்டோப்ரோலால் நெஞ்சு துடிக்கிற வேகத்த குறைக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் உப்பையும் தண்ணியையும் ஒன்னுக்கு வழியா தள்ளிவிடும். மறந்தா என்ன ஆகும், நிறுத்துனா என்ன ஆகும், கால் ஏன் வீங்குது, எதோட சேக்கக்கூடாது, நீங்க கேட்ட எல்லாத்துக்கும் பதில் அந்த பேர பொறுத்துதான் மாறும்.

அதனால அட்டைய கையில எடுங்க. முன்னாடி பெருசா இருக்கறது கம்பெனி வச்ச பேரு, அத விடுங்க. வெள்ளி தாள் பக்கம் பொடி எழுத்துல மருந்தோட நிஜ பேரும் பக்கத்துல எத்தன எம்ஜின்னும் இருக்கும். டெல்மிசார்டன் வகைல பேருக்கு பின்னாடி ஏஎம்னு ஒட்டியிருந்தா அம்லோடிபினும் கலந்திருக்கு, எச்னு இருந்தா ஒன்னுக்கு போற மருந்து கலந்திருக்கு, ஏஎம்எச்னா மூணும் ஒரே மாத்திரைக்குள்ள. பாதி வெள்ளை பாதி கலர்னு நீங்க சொல்றது இந்த மாதிரி கலவையா இருக்கத்தான் வாய்ப்பு, ஆனா கலர வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன், நீங்களும் பண்ணாதீங்க.

இதுல எங்க தொழில்காரங்க பண்ற ஒரு வேலையையும் சொல்லிடுறேன். அஞ்சு மாத்திரை குடுன்னா கத்திரிய எடுத்து அட்டைய குறுக்கால வெட்டுவோம். தேதி இருக்குற ஓரம் கடையிலயே நின்னுடும், ஏன்னா மீதிய விக்கணும்ல. உங்க கைக்கு வர்றது மொட்டை துண்டு, பேர்ல பாதி, தேதி சுத்தமா கிடையாது. அது வீட்ல டிவி மேல ஒரு வாரம், டிபன் டப்பால ஒரு மாசம்னு கிடக்கும், அப்பறம் எது எதுன்னே தெரியாது. முழு அட்டையா வாங்குங்க. காசு கைய கடிச்சுதுன்னா மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சுக்கங்க, மாத்திரை இலவசம், 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிபி பாத்து மாத்திரையும் குடுக்குறாங்க.

ஆனா ரெண்டு இடத்துல மாத்திரை வாங்கினா ரெண்டு பக்கமும் சொல்லணும். எங்க மாமியாருக்கே நடந்தது. கொருக்குப்பேட்டைல தனியா இருந்தாங்க. ஒரு டாக்டர் கலவை மாத்திரை எழுதியிருந்தாரு, அதுக்குள்ள அம்லோடிபின் 5 எம்ஜி இருக்கு. வேற ஒரு இடத்துல தனியா அம்லோடிபின் 5 எம்ஜி வாங்கிட்டு வந்தாங்க. பேரு வேற, கலர் வேற, அதனால வேற வேற மருந்துன்னு நெனச்சு ரெண்டையும் போட்டிருக்காங்க. மூணு மாசம் கழிச்சு பொங்கலுக்கு நான் போனப்ப கால் ரெண்டும் செருப்புல நுழையல, விரல வச்சு அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்குது. அந்த டப்பாவ கொட்டி ஒவ்வொரு அட்டையா திருப்பி பாத்தப்பதான் தெரிஞ்சுது. மருந்துகடைக்காரன் மருமகனா இருந்தும் மூணு மாசம்.

இத ஏன் சொல்றேன்னா உங்க நைனா கால் வீக்கமும் இந்த கதையா இருக்கலாம். அம்லோடிபின் சின்ன சின்ன ரத்தக்குழாய்ங்கள, அதாவது ரத்தம் உள்ள வர்ற பக்கம், நல்லா விரிச்சு விடுது, ரத்தம் திரும்பி போற பக்கம் அந்த அளவுக்கு விரியாது, அதனால தண்ணி கசிஞ்சு கணுக்கால்ல இறங்கிடும், சாயங்காலம் ஜாஸ்தியா தெரியும், டோஸ் கூட கூட வீக்கமும் கூடும். அவரு ரெண்டு ரெண்டா போட்றாரு, நாள் பூரா கேபின்ல கால தொங்கப்போட்டு உக்காந்திருக்காரு, வீங்காம என்ன பண்ணும். இது கிட்னி போனதுக்கு அர்த்தம் இல்ல. ஆனா இதுக்குன்னு கடையில போயி "கால் வீக்கத்துக்கு ஒன்னுக்கு போற மாத்திர குடு"ன்னு வாங்கக்கூடாது, இந்த வீக்கம் அதுக்கு அவ்வளவா கேக்காது, உடம்புல உப்பு சத்துதான் தாறுமாறா ஆகும். டோஸ குறைக்கிறதா, மாத்துறதா, டெல்மிசார்டன் மாதிரி ஒன்னு கூட சேக்கறதான்னு டாக்டர் பாப்பாரு, சேத்தா வீக்கம் குறையறதும் உண்டு. ஒரு கால் மட்டும் வலியோட வீங்குனாலோ, வீக்கத்தோட மூச்சு வாங்கினாலோ, படுத்தா மூச்சு முட்டுனாலோ அது வேற கதை, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

126/80 வந்ததும் நிறுத்துனது. நைனாவ ஒன்னு கேளுங்க, பிரேக் நல்லா புடிக்குதுன்னு பிரேக்க கழட்டி வச்சுட்டு வண்டி எடுப்பாரான்னு. அந்த 126 மாத்திரை போட்டு வந்த 126. இதுல ஒரு ஏமாத்து வேல இருக்கு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. அம்லோடிபின் உடம்புல பாதியா குறையவே 30ல இருந்து 50 மணி நேரம் ஆகும். நிறுத்துன அடுத்த நாளும் அதுக்கடுத்த நாளும் பிபி பாத்தா நல்லாத்தான் இருக்கும். "பாத்தியா, நிறுத்தியும் ஒன்னும் ஆவல"ன்னு தைரியம் வந்துடும். ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ஏறும்போது யாரும் பாக்க மாட்டாங்க, தலவலியும் இருக்காது. பிபி 170 போனாலும் உடம்புக்கு தெரியாதவங்கதான் பாதிக்கு மேல எங்க கடைக்கு வர்றாங்க. ஆரம்பிக்கும்போதும் அதே மாதிரிதான், முழு பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல ஆகும், ரெண்டு நாள் போட்டேன் இறங்கலன்னு டோஸ ஏத்தக்கூடாது.

அம்லோடிபினாவது மெதுவா விட்டுட்டு போகும். அட்டெனலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் வகைய திடீர்னு நிறுத்துனா நெஞ்சு படபடன்னு அடிச்சு நெஞ்சுவலி வரைக்கும் போகலாம், இதயத்துல ஏற்கனவே அடைப்பு இருக்கறவங்களுக்கு மாரடைப்பே வரலாம். குளோனிடின் இன்னும் மோசம், நிறுத்துனா பழைய அளவ தாண்டி எகிறும். இந்த ரெண்டு வகைல எதையாவது போட்றவங்க ஊருக்கு போனா, கோயிலுக்கு மாலை போட்டா, ஆபரேஷன்னு படுத்தா நாலு நாளைக்கு கூடுதலாவே மாத்திரைய கையோட வச்சுக்கணும். நைனா அட்டைல இந்த பேரு இருக்கான்னு கண்டிப்பா பாருங்க.

ஆயுசுக்கும் போடணுமான்னா, பெரும்பாலும் ஆமா. எடை குறைஞ்சு உப்பு குறைஞ்சு குடி நின்னா டோஸ் குறையலாம், சிலருக்கு ஒரு மாத்திரை கழண்டுக்கும், ஆனா அத டாக்டர் படிப்படியா குறைச்சு நடுநடுவுல பிபி பாத்துதான் முடிவு பண்ணணும்.

ஒருவேளை மறந்துட்டா, அன்னிக்கே ஞாபகம் வந்தா போட்டுக்கலாம். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிடுச்சுன்னா விட்டத விட்டுடணும். சேத்து போட்டா தல கிறுகிறுன்னு சுத்தும், டிரெய்லர் ஓட்டுறவரு வேற, நான் விளக்க வேண்டியதில்ல. புதுசா மாத்திரை ஆரம்பிச்சாலும் டோஸ் ஏத்துனாலும் மொதல் சில நாள் உக்காந்து எழுந்தா தல சுத்துதான்னு பாத்துட்டுதான் வண்டி எடுக்கணும்.

காலையா நைட்டா? பிரிட்டன்ல 21,000 பேருக்கு மேல வச்சு 5 வருஷத்துக்கு மேல பாத்த ஒரு ஆய்வு 2022ல லான்செட்ல வந்துச்சு, காலைல போட்டாலும் நைட் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம் விஷயத்துல வித்தியாசம் இல்லன்னுதான் முடிவு. மறக்காம போடற நேரம் எதுவோ அதான் நல்ல நேரம். ஆனா ஒன்னுக்கு போற மருந்து கலந்திருந்தா மட்டும் நைட்டு வேணாம்னு சொல்லுவோம், தூக்கம் கெடும்.

இங்கதான் டிரைவருங்க பிரச்சனை வருது, உங்க நைனா வாய திறந்து சொல்லியிருக்க மாட்டாரு. எங்க கடைக்கு வர்ற டிரைவர் அண்ணன் ஒருத்தரு, மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுட்டு இருந்தாரு. ஏன்ணேன்னா ரொம்ப நேரம் சொல்லல, அப்பறம் மெதுவா, "எண்ணூர் ரோட்ல ஹார்பர் கேட்டுக்கு லைன்ல வுட்டுட்டா ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் வண்டிய வுட்டு இறங்க முடியாது சார், இந்த மாத்திரைய போட்டா அர மணிக்கு ஒருவாட்டி வருது, எங்க போவ?"ன்னாரு. அந்த மனுஷன் மேல என்ன தப்பு சொல்லுவீங்க. ஹைட்ரோகுளோரோதயசைடு போட்ட 2 மணி நேரத்துல வேலைய ஆரம்பிச்சு 4 மணி நேரத்துல உச்சத்துக்கு போயி 6ல இருந்து 12 மணி நேரம் வரைக்கும் இழுக்கும். டியூட்டி நேரத்த டாக்டர் கிட்ட சொன்னா நேரத்த மாத்தி குடுப்பாரு, இல்ல ஒன்னுக்கு போகாத வேற வகைக்கு மாத்துவாரு. அந்த அண்ணனுக்கு அப்படித்தான் மாத்துனாங்க. சொல்லாம விட்டா டாக்டருக்கு தெரியறது ஒன்னே ஒன்னுதான், "இந்த டோஸ் பத்தல", உடனே டோஸ ஏத்திடுவாரு. நைனாவும் தண்ணி குடிக்காம, மாத்திரைய தாண்டி தாண்டி போட்றாரான்னு பக்குவமா கேளுங்க. தண்ணி குடிக்காம இருக்கறது அதவிட ஆபத்து, அக்னி நட்சத்திர வெயில்ல கேபின் அடுப்பு மாதிரி இருக்கும், அதுல இந்த மருந்தும் சேந்தா உடம்புல தண்ணி சத்து குறைஞ்சு, பிபி இறங்கி மயங்கி விழலாம்.

அதே மாதிரி வாந்தி பேதின்னு வந்து தண்ணி சத்து போனா டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஒன்னுக்கு போற மருந்து இதெல்லாம் அந்த ரெண்டு நாளைக்கு நிறுத்தி வைக்கணுமான்னு டாக்டருக்கு ஒரு போன் போடுங்க. எப்பவும் போல முழுங்குனா கிட்னிக்கு அடி விழலாம்.

கிட்னின்னு வந்ததால சொல்றேன். மாத்திரை போட்டு கிட்னி போகுதுன்னு ஊரே சொல்லுது, நடக்கறது பெரும்பாலும் தலைகீழ். கட்டுல இல்லாத பிபிதான் கிட்னிய அரிக்கும். டெல்மிசார்டன் வகைய சுகர் இருந்து ஒன்னுக்குல புரதம் போறவங்களுக்கு கிட்னிய காப்பாத்தவே குடுக்குறாங்க. இந்த வகைல பொட்டாசியம் ஏறலாம், கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம், அதனால ஆரம்பிச்ச சில வாரத்துல ஒரு ரத்த டெஸ்ட், அப்பறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது. ரெண்டு வருஷத்துல நைனா ஒருவாட்டியாவது எடுத்தாரா? மாட்டாரு.

கிட்னிய நிஜமா கெடுக்கறது எதுன்னு கேட்டா நான் வலி மாத்திரையத்தான் சொல்லுவேன். டிரைவர்னா முதுகு வலி, முட்டி வலி இருக்கும், கடையில நின்னு "ஒரு வலி மாத்திர குடு"ன்னு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஏதோ ஒன்னு வாங்கி டீயோட போட்டுட்டு போவாங்க. அது ஒரு பக்கம் பிபிய ஏத்தும், இன்னொரு பக்கம் டெல்மிசார்டனும் ஒன்னுக்கு போற மருந்தும் போட்றவங்களுக்கு இது மூணாவதா சேந்தா கிட்னிக்கு போற ரத்தமே குறைஞ்சு திடீர்னு படுத்துடும். வலிக்கு பாரசிட்டமால் அளவா போடலாம். அடிக்கடி வலிக்குதுன்னா டாக்டர் கிட்ட போங்க. மூக்கடைப்புக்கு விக்கிற சளி மாத்திரைல ஃபினைலெஃப்ரின்னு ஒன்னு கலந்திருக்கும், அதுவும் பிபிய ஏத்தும். கடையில எது வாங்கினாலும் எனக்கு பிபி இருக்குன்னு மொதல்ல சொல்லிடணும், நாங்களா கேக்கணும், கூட்டத்துல பல நேரம் கேக்க மாட்டோம்.

நாட்டு மருந்து ஒன்னும் பண்ணாதுன்னு நெனைக்காதீங்க. தொண்டை கட்டுனா அதிமதுரம் வாயில போட்டு அடக்கிக்கறது நம்ம பழக்கம், ஒருநாள் ரெண்டு நாள் பரவால்ல, தினம் போட்டா அதுவே பிபிய ஏத்தும், பொட்டாசியத்த இறக்கும், ஒன்னுக்கு போற மருந்தோட சேந்தா இன்னும் இறக்கும். நெஞ்செரிச்சலுக்கு தண்ணில பொங்க பொங்க கலக்கி குடிக்கிற பாக்கெட்ல இருக்கறது சோடா உப்பு, அதுவும் சோடியம்தான். சோடியம் கம்மின்னு போட்டு விக்கிற உப்புல பொட்டாசியம் குளோரைடு இருக்கும், டெல்மிசார்டன் வகை போட்றவங்க, கிட்னி வீக்கா இருக்கறவங்க டாக்டர கேக்காம அத வாங்கக்கூடாது. சாதா உப்பே ஒருநாளைக்கு 5 கிராமுக்கு கீழன்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஒரு டீஸ்பூன். காசிமேட்டு கருவாடு ரெண்டு துண்டு, ஊறுகா, அப்பளம் சேந்தா கணக்கு அங்கயே முடிஞ்சுது. கருவாட்ட ஊற வச்சு அலசுனா கொஞ்சம் குறையும், சுத்தமா போகாது. நானும் சாப்புடறேன், மாசத்துக்கு ரெண்டு வாட்டி.

எனலாப்ரில், ராமிப்ரில் போட்றவங்களுக்கு வறட்டு இருமல் வரலாம், சளி இருக்காது, தொண்டைல கிச்சுகிச்சு மூட்டுற மாதிரி. அதுக்கு நாலு பாட்டில் டானிக் குடிச்சவங்கள பாத்திருக்கேன். மாத்திரைய மாத்துனாலே நின்னுடும். உதடு, நாக்கு வீங்குனா மட்டும் இருமல் மாதிரி விடக்கூடாது, உடனே எமர்ஜென்சி. அப்பறம் ஆம்பளைங்க வெளிய சொல்லாம மாத்திரைய நிறுத்துறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, தாம்பத்திய விஷயம், புரியும்னு நெனைக்கிறேன். சில மாத்திரைல அது வரும், எல்லாத்துலயும் வராது, மாத்தி குடுக்க வழி இருக்கு, கூச்சப்படாம கேக்கலாம்.

நைனா மாத்திரைய வீட்ல வேற யாரும் எடுத்து போடக்கூடாது. முக்கியமா டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் எல்லாம் கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஆகவே ஆகாது, வயித்துல இருக்குற குழந்தையோட கிட்னிய பாதிக்கும், குழந்தை வேணும்னு முயற்சி பண்ணிட்டு இருக்கறவங்களும் முன்னாடியே டாக்டர் கிட்ட சொல்லி மாத்திக்கணும்.

டெல்மிசார்டன உரிச்சு டப்பால போட்டு வைக்காதீங்க, ஈரத்த இழுத்துக்கும், நம்ம கடலோர காத்துல ரெண்டே நாள்ல பொதுபொதுன்னு ஆயிடும், போடறப்பதான் அட்டைய பிரிக்கணும். வண்டி டேஷ்போர்டுல வெயில்ல வைக்கவும் கூடாது. இஆர், எக்ஸ்எல்னு போட்டிருக்கற மாத்திரைய பொடி பண்ணியோ மென்னோ சாப்பிடக்கூடாது, 24 மணி நேரத்துக்கு மெதுவா இறங்க வேண்டியது ஒரேயடியா இறங்கிடும்.

பிபி பாக்கறதுலயும் ஒன்னு. வண்டிய விட்டு இறங்கி, ஒரு டீ, ஒரு பீடி, நேரா கடைக்கு வந்து கைய நீட்டுனா 160 காட்டத்தான் செய்யும். டீ, பீடி, காபி முடிஞ்சு அரை மணி நேரம் ஆகணும், ஒன்னுக்கு போயிட்டு வந்து, முதுக சாச்சு, கால தரைல வச்சு, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்து, சட்டை கைய சுருட்டி இறுக்காம, கைய நெஞ்சு மட்டத்துல வச்சு பாக்கணும். ஒரு நிமிஷம் விட்டு இன்னொருவாட்டி. வீட்ல மிஷின் வாங்கினா மேல் கைல கட்டறது வாங்குங்க, காலைல மாத்திரைக்கு முன்னாடியும் நைட்லயும் ஒரு வாரம் பாத்து எழுதி டாக்டர் கிட்ட குடுத்தா அவருக்கு அதவிட உதவி எதுவும் இல்ல. வீட்ல பாக்கும்போது பொதுவா 135/85க்கு கீழ இருக்கணும்.

180/120 தாண்டி காட்டுனா பதறி கூட ஒரு மாத்திரை போடக்கூடாது, நிஃபெடிபின் கேப்சூல ஓட்ட போட்டு நாக்குக்கு அடில விடறதுன்னு ஒரு பழைய பழக்கம் இருக்கு, அது பிபிய சடார்னு இறக்கி பக்கவாதத்த வரவழைக்கலாம். அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு திரும்ப பாருங்க, அப்பவும் அப்படியே இருந்தா அன்னிக்கே டாக்டர பாக்கணும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணறது, ஒரு கை தூக்க முடியாம போறது, பேச்சு குழறது, கண்ணு திடீர்னு மங்கறது இதுல ஒன்னு இருந்தாலும் 108தான்.

நாளைக்கு டாக்டர் கிட்ட போறப்ப நைனா போட்ற எல்லா அட்டையையும், வலி மாத்திரை, சளி மாத்திரை, நாட்டு மருந்து பொட்டலம் உட்பட ஒரு கவர்ல போட்டு தூக்கிட்டு போங்க. அப்படியே அட்டைக்கு பின்னாடி ஒவ்வொன்னையும் போன்ல போட்டோ எடுத்து உங்க போன்லயும் நைனா போன்லயும் வச்சுக்கங்க, வழில எங்கயாவது மயங்கி விழுந்தா கூட பாக்கறவங்களுக்கு ஆகும். நேரா புடிச்சு எடுத்தீங்கன்னா வெள்ளி தாள் கண்ண கூசி எழுத்தே தெரியாது, கொஞ்சம் சாச்சு புடிச்சு எடுங்க.